நூற்று முப்பத்தேழு சோம்

நாரினில் ஜூலையிலும் விடியலுக்குக் கம்பளி வேண்டும்.
மூன்றாம் எண் பம்ப்படியில்
இராத்திரி முழுக்க நின்றவளுக்கு
விரல் எது, குழாயின் பிடி எது என்று
பிரித்துச் சொல்ல முடியாத நேரம்.

அப்போதுதான் வந்தான் தின்ச்திக்,
வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய ஹோண்டாவில்.
பிஷ்கெக்குக்கு நாலு பேர்:
பரீட்சைக்குப் போகும் ஒரு பையன்,
மடியில் கேக் பெட்டியோடு ஒருத்தி,
தூங்கிக்கொண்டே ஏறிய கணக்கர்,
ஆறு மாத வயிற்றோடு ஜிபர்குல்.

டக்.

குழாய் தானாக வாயை மூடிக்கொண்டது.
மீட்டரில் இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று.
"மூவாயிரமாக்கிவிடு" என்றான்.
"போதுமாம்" என்றேன்.
"யாருக்கு?"
"தொட்டிக்கு."
சிரித்தான்.
என் பையில் சில்லறை இல்லை என்பது
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
குழாயைப் பிடுங்கி அவனே அமுக்கினான்.
டக். இன்னும் கொஞ்சம்.
டக். இன்னும்.
வாயை இறுக்கிக்கொண்ட பிள்ளைக்குச்
சோறு திணிப்பவன் போல.
டக்.
கடைசிச் சில சோம்கள் கழுத்து வழியே வழிந்து
பெயின்ட் மேல் கோடிழுத்து
என் பூட்ஸில் சொட்டின.
வட்டமாக மூவாயிரம்.
மூன்று பூஜ்யங்களையும்
கோழியிட்ட முட்டைகளைப் போலப் பார்த்து நின்றான்.

தொட்டியின் உச்சியில் கையகல இடம் ஒன்று உண்டு.
காலி என்று நினைக்கிறார்கள்.
பெட்ரோல் மூச்சு விடும் அறை அது.
மண்ணுக்கடியில் குளிர்ந்து சுருண்டு கிடந்தது
வெயில் பட்டால் கைகால் நீட்டும்.
எங்கே நீட்டும்?
நிறைகுடம் தளும்பாது என்று சொன்னவர்
டோலோன் கணவாயின் வளைவுகளில் போனதில்லை.

மீதி, பிறர் சொல்லிக் கேட்டது.
ஏற்றத்திலேயே உள்ளே வாடை.
ஜிபர்குல் மூன்று முறை இறங்கி வாந்தி எடுத்தாள்,
மூன்றாம் முறை ஏற மாட்டேன் என்று
கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.
கணக்கர் தூக்கம் கலைந்து
வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டு
பாக்கெட்டைத் தடவினார்.
லைட்டரைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தது அந்தப் பையன்.
பரீட்சையில் தேறினானா தெரியாது.

கோச்கோரில் எஞ்சின் இருமியது.
டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால்
செருமிச் செருமி நின்றது.
மஞ்சள் விளக்கு மட்டும் அணையவே இல்லை.
எசென்குலின் பட்டறையில்
அடியில் படுத்து ஒரு கறுப்பு டப்பாவைக் கழற்றினார்கள்.
உள்ளே கரி.
ஆவியை மட்டும் நக்கிக் குடித்து உயிர் வாழும் கரி.
கவிழ்த்ததும் பெட்ரோல் கொட்டியது,
மூழ்கியவன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதுபோல.
மாற்று டப்பா, அதுவும் பழையது, ஒன்பதாயிரம் சோம்.
நாலு பேரும் வேறு காரில் போனார்கள்.
கேக் உருகியதற்கும் அவன்தான் பணம் கொடுத்தானாம்.

இரண்டு நாள் கழித்து வந்தான், என்னிடம்.
"ஊல்கான், தண்ணீர் கலந்து விற்கிறாய்!"
வரிசையில் நின்ற ஏழு வண்டிக்கும் கேட்டது.
நான் ஒரு பாட்டிலில் பிடித்து
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.
தேயிலைச் சாயம் போலத் தெளிவு.
அவன் அதைப் பார்க்கவில்லை.
என் பூட்ஸைப் பார்த்தான், வெளுத்துப்போன அந்த இடத்தை.
மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை,
நானும் எதிர்பார்த்து நிற்கவில்லை.
வரிசை நீளம்.

இன்று விடியலில் மறுபடி.
டக்.
இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று.
மூவாயிரத்தை நீட்டினான்.
இருநூறைத் தேடி எடுத்துவிட்டேன்,
ஒன்பது சோமுக்கு சூயிங்கம்தான் இருந்தது.
வாங்கி வாயில் போட்டுக்கொண்டு
தொட்டியின் மூடியைத் திருகினான்.
அது டக், டக், டக் என்றது.
மூன்றையும் நின்று கேட்டுவிட்டுத்தான்
வண்டியில் ஏறினான்.